‘ஹேட்’ என்ற வினையின் மெய்யான உறவுகள்: ஜெர்மன் கற்பிக்கும் ஓர் ஆசிரியைக்குப் பதில்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அடையாளம் தரும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். அவர், ஜெர்மனிக்குச் செவிலியர்களாகச் செல்லவிருக்கும் இளைஞர்களுக்குத் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் ஜெர்மன் கற்பிக்கிறார். ‘ஹஸ்ஸன்’ என்ற வினையைக் கற்பித்த நாளில் மாணவி ஒருவர், “இது ஆங்கில ‘ஹேட்’தானே?” என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆசிரியை, வெறுப்பைக் குறிக்கும் இந்த வினை ஜெர்மானிய மொழிகள் (ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் முதலியவை அடங்கிய குடும்பம்) அனைத்திலும் எப்படி வழங்குகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்பெடுத்து, அதைச் சிறு நூலாக்கியிருக்கிறார்.

சிக்கல்கள் மூன்று. அவருக்கு ஜெர்மன் கற்பித்த மூத்த ஆசிரியர், ‘ஹேட்’ என்பது கொலை என்று பொருள்படும் சமஸ்கிருத ‘ஹத்யா’விலிருந்து வந்தது என்று உறுதியாக நம்புகிறவர், நூலுக்கு எழுதித் தந்த முன்னுரையிலும் அதையே சொல்லியிருக்கிறார். உடன் பணியாற்றும் மற்றொருவரோ, தமிழ்க் ‘கடுப்பு’தான் மூலம் என்கிறார். வாசகி இருவர் கருத்துக்கும் ஒவ்வோர் அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். இரண்டாவதாக, ஜெர்மன் சொற்பிறப்பு அகராதி ஒன்றின் நகலிலிருந்து அட்டவணைகளையும் விளக்கங்களையும் மொழிபெயர்த்துச் சேர்த்திருக்கிறார்; “சொற்கள் யாருக்கும் சொந்தமல்ல என்பதால் இதில் தவறில்லை என நினைக்கிறேன்” என்கிறார். மூன்றாவதாக, நூலை வெளியிட முன்வந்துள்ள பதிப்பகம், அச்சுச் செலவை ஆசிரியையே ஏற்க வேண்டும் என்றும் “அனைத்து உரிமைகளும்” தனக்கே என்றும் எழுதிய ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறது. நூலை இப்படியே வெளியிடலாமா என்பது கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

இப்படியே வெளியிட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் நூலைக் கைவிடவும் வேண்டாம். நீங்கள் திரட்டியிருக்கும் குறிப்புகளுக்குள் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. அதை நான்காம் அத்தியாயத்தின் அடிக்குறிப்பில் ஒளித்து வைத்துவிட்டு, நிற்காத இரண்டு அத்தியாயங்களை முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். அகராதிப் பதிப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்லைப் பற்றி முதலிலும் உரிமையைப் பற்றிப் பின்னரும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். “ஆங்கிலம் இச்சொல்லை ஜெர்மனிலிருந்து பெற்றது” என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பெறவில்லை. ஆங்கில ‘ஹேட்’, ஜெர்மன் ‘ஹஸ்ஸன்’, டச்சு ‘ஹாட்டன்’, மேற்கு ஃப்ரிசியன் ‘ஹாட்ஸ்யெ’, ஸ்வீடிஷ் ‘ஹாட்டா’, நார்வீஜியன் ‘ஹாட்டெ’, டேனிஷ் ‘ஹாதெ’, ஐஸ்லாண்டிக் ‘ஹாட்டா’ ஆகியவை அனைத்தும் எழுத்தில் பதியாத ஒரு பொதுத் தாய்மொழியிலிருந்து தனித்தனியே இறங்கி வந்தவை. ஒன்று மற்றொன்றுக்குத் தாயல்ல. ஜெர்மனில் மட்டும் நடுவே ‘ஸ்’ வருவதற்குக் காரணம், தெற்கு ஜெர்மானிய நிலப்பகுதியில் நடந்த ஒலிமாற்றம். ஆங்கில ‘வாட்டர்’ அங்கே ‘வஸ்ஸர்’ ஆவதும், ‘ஈட்’ என்பது ‘எஸ்ஸன்’ ஆவதும், ‘ஹேட்’ என்பது ‘ஹஸ்ஸன்’ ஆவதும் ஒரே விதியால்தான். டேனிஷ் மொழியில் உயிரொலிக்குப் பின்வந்த ‘ட்’ மெலிந்து, நாம் ‘அது’ என்னும்போது ஒலிக்கும் ‘த’வுக்கு ஏறத்தாழ அருகே வந்துவிட்டது. இந்த இரண்டு வரி விளக்கத்தை உங்கள் மாணவர்கள் மிகவும் விரும்புவார்கள்; அதிலிருந்து வேறு பத்துச் சொற்களைத் தாங்களே ஊகித்துக்கொள்வார்கள்.

உங்கள் பட்டியலில் ஃபின்னிஷ் ‘விஹா’ இடம்பெற்றிருக்கிறது. ஃபின்லாந்து ஸ்வீடனுக்கு அடுத்த நாடாக இருந்தாலும் ஃபின்னிஷ் ஜெர்மானிய மொழியன்று; சமஸ்கிருதமும் ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளும் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தையே சேராதது. ஆகவே பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள். ஆனால் நீக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெறுப்பையும் சினத்தையும் குறிக்கும் அந்த ‘விஹா’, மிகப் பழங்காலத்தில் இந்தோ-ஈரானிய மொழி பேசியவர்களிடமிருந்து ஃபின்னிஷ் முன்னோர்கள் கடனாகப் பெற்ற சொல் என்றும், நம் ‘விஷம்’ என்ற சொல்லின் உறவு என்றும் சொற்பிறப்பு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்தியத் தொடர்பு வேண்டுமென்று நீங்கள் தேடிய இடத்தில் அது இல்லை. நீங்கள் பார்க்காத இடத்தில் இருக்கிறது. இதே நிலையை இன்னொரு முறையும் காணப்போகிறோம்.

ஹத்யாவும் கடுப்பும்

உங்கள் மூத்த ஆசிரியரின் கருத்து மேம்போக்கானது என்று நான் சொல்ல மாட்டேன். சமஸ்கிருதத்தில் ‘ஹத’ என்றால் கொல்லப்பட்டது. பழைய நார்ஸ் என்ற பண்டைய ஸ்காண்டிநேவிய மொழியில் ‘ஹட்டா’ என்றால் வெறுத்தல். கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சொற்கள், கொலைக்கும் வெறுப்புக்கும் இடையே மனித அனுபவம் காட்டும் தொடர்பு, இரண்டும் ஒரே மொழிக்குடும்பம் என்ற உண்மை ஆகிய மூன்றும் சேரும்போது யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் ஒரே குடும்பத்து மொழிகளில் ஒலிகள் தம் விருப்பப்படி மாறுவதில்லை. 1818-இல் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் கண்டு சொல்லி, 1822-இல் யாக்கோப் கிரிம் முறைப்படுத்திய விதிப்படி, ஜெர்மானிய ‘ஹ’ அந்தக் குடும்பத்தின் மூலமொழியில் இருந்த ‘க’விலிருந்து வருவது. லத்தீன் ‘கென்ட்டும்’ ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’, ‘கோர்’ என்பது ‘ஹார்ட்’, ‘கனிஸ்’ என்பது ‘ஹவுண்ட்’. அதே விதிப்படி ஜெர்மானிய ஒலிப்பிலா ‘ட்’ மூலமொழியின் ஒலிப்புடைய (தொண்டை அதிர ஒலிக்கும்) ‘ட்’ ஒலியிலிருந்து, அதாவது லத்தீன் ‘டுவோ’, ‘டெகெம்’ ஆகியவற்றின் முதலொலியிலிருந்து வருவது. ஆங்கில ‘டூ’, ‘டென்’ அதற்குச் சான்று.

இப்போது ‘ஹத’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். இதன் வேர் ‘ஹன்’. “அவன் கொல்கிறான்” என்பதற்கு ‘ஹந்தி’ என்னும் சமஸ்கிருதம், “அவர்கள் கொல்கிறார்கள்” என்பதற்கு ‘க்னந்தி’ என்கிறது. அங்கே எட்டிப் பார்க்கும் அழுத்தமான ‘க’தான் பழைய ஒலி, ‘ஹ’ பின்னால் வந்தது. இந்த வேரின் மூல ஒலி ஜெர்மானியத்தில் எந்த வழியாகச் சென்றாலும் ‘ஹ’ ஆகாது. அடுத்து, ‘ஹத’வில் உள்ள ‘த’ வேரைச் சேர்ந்ததே அல்ல, அது இறந்தகாலப் பெயரெச்ச விகுதி. ‘ஹேட்’டின் ‘ட்’டோ வேரின் பகுதி. முதல் மெய்யும் பொருந்தவில்லை, இரண்டாம் மெய்யும் பொருந்தவில்லை என்றால் மிஞ்சுவது தற்செயல் ஒப்புமைதான்.

‘ஹன்’ என்ற வேருக்கு ஜெர்மானிய மொழிகளில் உறவே இல்லையா என்றால், இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் போரைக் குறித்த ‘கூத்’, பழைய நார்ஸில் ‘குன்ர்’, ‘குந்தர்’ போன்ற ஜெர்மன் ஆட்பெயர்களில் நிற்கும் முற்பகுதி ஆகியவை அதன் வழிவந்தவை. ‘குன்ஹில்டு’ என்ற நார்ஸ் பெண்பெயரில் போரைக் குறிக்கும் இரண்டு சொற்கள் இணைந்துள்ளன. 14-ஆம் நூற்றாண்டில் வின்ட்ஸர் கோட்டையின் ஆயுதப் பட்டியல் ஒன்றில் பெரிய எறிபொறி ஒன்று ‘குனில்டா சீமாட்டி’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலத் துப்பாக்கிச் சொல்லான ‘கன்’ அந்தப் பெயரின் சுருக்கமாகவே பிறந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆகவே ‘ஹத்யா’வின் உறவை ஆங்கிலத்தில் காட்ட விரும்பும் ஒருவர் ‘ஹேட்’டைக் காட்டக் கூடாது, ‘கன்’னைக் காட்டலாம்.

‘கடுப்பு’ அத்தியாயம் இதைவிடக் கவர்ச்சியானது. மேலே சொன்ன விதியையே எடுத்துக்கொண்டு, க என்பது ஹ ஆகும், ஒலிப்புடைய ட் ஒலிப்பிலா ட் ஆகும், எனவே ‘கட்’ என்பது ‘ஹட்’ ஆகும் என்று உங்கள் நண்பர் காட்டியிருக்கிறார். விதியைக் கற்றுக்கொண்டு பயன்படுத்தியிருக்கிறார் என்பதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த விதி ஒரே மூலத்திலிருந்து பிரிந்த மொழிகளுக்கு இடையே மட்டும் செல்லும். அப்படிச் செல்கிறதா என்று சோதிப்பதும் எளிது: ‘கண்’ணுக்கு ஈடாக ‘ஹ’வில் தொடங்கும் சொல் ஜெர்மனில் இருக்க வேண்டும், அங்கே இருப்பது ‘அவ்கெ’. ‘கால்’ என்பதற்கு ‘ஃபூஸ்’. ‘காது’க்கு ‘ஓர்’. உடலுறுப்புகளில் தோற்றுப்போகும் ஒரு விதி கடுப்பில் மட்டும் வென்றால் அது விதியாகாது. மேலும் நம் ‘கடு’வின் ‘ட’ நாவை மடித்து ஒலிக்கும் திராவிட ஒலி. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘கடு’வுக்கு உடன்பிறப்புகள் உள்ளன. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக்குடும்பம் என்று எல்லிஸ் 1816-இல் சென்னையிலிருந்து நிறுவியதும், கால்டுவெல் 1856-இல் விரித்து எழுதியதும் தமிழுக்குப் பெருமை சேர்த்த செய்திகள். தமிழுக்குத் தனி வேர் உண்டென்ற அந்தப் பெருமையைக் கொண்டாடுகிறவர், அதே மூச்சில் தமிழை ஆங்கிலத்துக்கு மூலமாக்க முயல்வது எனக்கு எப்போதும் விந்தையாகவே படுகிறது.

லத்தீன் ‘ஓடியும்’ என்ற வெறுப்புச் சொல்லும் ‘ஹ’வை இழந்த ‘ஹேட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இல்லை. அந்த வேர் ஜெர்மானியத்துக்கு வந்தால் ‘அட்’ என்றுதான் வர முடியும். பழைய ஆங்கிலத்தில் கொடிய, அச்சமூட்டும் என்ற பொருளில் வழங்கிய ‘அட்டொல்’ அதனோடு ஒப்பிடப்படுகிறது. பேவுல்ஃப் காப்பியத்தில் அரக்கனுக்கு அடைமொழியாக வருவது இச்சொல்.

மெய்யான உடன்பிறப்புகள்

‘ஹேட்’டின் வேருக்கு விதிப்படி பொருந்தும் சொற்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. கிரேக்கத்தில் ‘கேடோஸ்’ என்றால் கவலை, துயர், இறந்தவருக்காகக் காட்டும் அக்கறை. இன்றைய கிரேக்கத்தில் இறுதிச் சடங்கு ‘கிதியா’ எனப்படுவது அதன் வழியில்தான். பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவில் ‘ஸாத்ர’ என்றால் துன்பம். வெல்ஷ் மொழியில் ‘காஸ்’ என்றால் வெறுப்பு. பழைய ஐரிஷ் மொழியின் ‘கஷ்’ என்ற சொல்லுக்கு அகராதிகள் அன்பு என்றும் வெறுப்பு என்றும் இரு பொருள் தருகின்றன. இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், மூல வேர் பகைமையை மட்டும் குறித்ததாகத் தோன்றவில்லை. நெஞ்சை அலைக்கழிக்கும் ஏதோ ஒரு வலுவான உணர்வைக் குறித்து, ஜெர்மானியக் கிளையில் வெறுப்பின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

இந்தச் சாய்வு நடந்துகொண்டிருந்த காலத்தைக் காட்டும் சான்றுதான் நீங்கள் அடிக்குறிப்பில் ஒளித்த செய்தி. 4-ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா விவிலியத்தை, இன்று மறைந்துவிட்ட ஜெர்மானிய மொழியான கோதிக்கில் பெயர்த்தார். அதன் மிகச் சிறந்த படி, 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் செந்நீலத் தோலேடுகளில் வெள்ளி, பொன் மையால் எழுதப்பட்டு, இன்று ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். 43-ஆம் வசனத்தில் “உன் பகைவனை வெறுப்பாயாக” என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினையும், 44-ஆம் வசனத்தில் “உங்களை வெறுப்பவர்களுக்கு நன்மை செய்யுங்கள்” என்ற இடத்தில் உள்ள வினையும் ஒன்றே. கோதிக் பெயர்ப்பிலோ முதலிடத்தில் ‘ஃபியன்’ என்ற வினை வருகிறது. அடுத்த இடத்தில்தான் ‘ஹட்யன்’ என்று நம் வினை தலைகாட்டுகிறது.

கோதிக்கில் வெறுத்தலுக்குரிய வழக்கமான வினை ‘ஃபியன்’தான். ‘ஹட்’ வேரிலிருந்து வந்த ‘ஹட்டிஸ்’ என்ற பெயர்ச்சொல்லோ அங்கே வெறுப்பைவிடச் சினத்தையே மிகுதியாகக் குறித்தது; எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் தமிழ் விவிலியம் “கோபாக்கினையின் பிள்ளைகள்” என்று சொல்லும் இடத்தில் கோதிக் ‘ஹட்டிஸ்’ என்கிறது. பழைய ஆங்கிலத்திலும் பழைய நார்ஸிலும் இரு வினைகளும் சேர்ந்தே வாழ்ந்தன: ஆங்கிலத்தில் ‘ஹட்டியன்’, ‘ஃபேயோகன்’, நார்ஸில் ‘ஹட்டா’, ‘ஃப்யா’. பிறகு ஒவ்வொரு மொழியிலும் ‘ஃபியன்’ குடும்பத்து வினை மறைந்து, ‘ஹட்’ குடும்பத்து வினை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வினை மறைந்தாலும் அதன் நிகழ்காலப் பெயரெச்சம், அதாவது “வெறுத்துக்கொண்டிருப்பவன்” என்று பொருள்படும் வடிவம், பகைவனைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக நிலைத்துவிட்டது: கோதிக் ‘ஃபியண்ட்ஸ்’, ஜெர்மன் ‘ஃபைண்ட்’, டச்சு ‘ஃபையண்ட்’, ஸ்வீடிஷ் ‘ஃபியெண்டெ’. ஆங்கிலத்தில் இது சாத்தானைக் குறிக்கத் தொடங்கி ‘ஃபீண்ட்’ ஆனது. பகைவனுக்கு ஆங்கிலேயர் பிரெஞ்சிலிருந்து ‘எனிமி’யைக் கடன் வாங்கினர். ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் மட்டும் இந்தப் பழைய வேர் வெறுத்தலுக்கான தொடரில் இன்னும் உயிரோடு இருக்கிறது: அங்கே ஒருவரை வெறுப்பதற்கு ‘ஃபைண்ட் ஹோப்ன்’ என்பார்கள்.

இந்த ‘ஃபியண்ட்ஸ்’க்கு நேர் எதிரே, “அன்பு செலுத்திக்கொண்டிருப்பவன்” என்ற அதே இலக்கண வடிவில், ‘ஃப்ரியோண்ட்ஸ்’ நிற்கிறது. அதுதான் ஜெர்மன் ‘ஃப்ராய்ண்ட்’, ஆங்கில ‘ஃப்ரெண்ட்’. உங்கள் மூத்த ஆசிரியருக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ‘ஃப்ரியோண்ட்ஸ்’ என்பதன் வேர் சமஸ்கிருத ‘ப்ரிய’ என்பதன் உடன்பிறப்பு. நாம் ‘பிரியம்’ என்று சொல்லும் சொல்லும் அதுவே. ‘ஃபியன்’ என்பதன் வேர் வேத மொழியில் இகழ்தல், பழித்தல் என்ற பொருளில் வரும் ‘பீயதி’ என்ற வினையோடு பொருந்துகிறது. தேவர்களை இகழ்பவனை அதர்வ வேதம் ‘தேவபீயு’ என்கிறது. ‘பிதா’ ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’ ஆனதும், ‘பாதம்’ அங்கே ‘ஃபுட்’ ஆனதும், ‘பீ’ என்பது ‘ஃபி’ ஆனதும் ஒரே விதி. ‘ஹத்யா’ அத்தியாயத்தை எடுத்துவிட்டு இதை அங்கே வையுங்கள். சமஸ்கிருத உறவு நூலில் இருக்கும். அதுவும் மெய்யாக இருக்கும்.

பிரெஞ்சுக்காரர்களின் ‘ஹையீர்’ என்ற வெறுப்பு வினை லத்தீனிலிருந்து வரவில்லை, பிராங்குகள் என்ற ஜெர்மானிய மக்கள் கொடுத்துவிட்டுப் போன ‘ஹட்’ வேர்தான் என்பதையும், ஆங்கிலத்தில் கொடுங்குற்றத்துக்கு அடைமொழியாகும் ‘ஹெய்னஸ்’ அந்தப் பிரெஞ்சு வழியில் திரும்பி வந்தது என்பதையும் ஒரு பத்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.

வகுப்பறைக்கு எது உதவும்

உங்கள் மாணவர்கள் சொற்பிறப்பு படிக்க ஜெர்மனிக்குப் போகவில்லை, நோயாளிகளோடு பேசப் போகிறார்கள். “ஐ ஹேட்” என்பதை ஆங்கிலம் மிகவும் மலிவாக்கிவிட்டது. தொந்தரவு தருவதற்கு வருந்துகிறேன் என்ற பணிவான பேச்சில்கூட அந்த வினை வருகிறது. ஜெர்மன்காரர்களும் திங்கட்கிழமையை ‘ஹஸ்ஸன்’ செய்வார்கள். ஆனால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும்போது அந்த வினை கனமானது. உடன் பணியாற்றுபவரைப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில், “மாக் நிஹ்ட்” என்றோ “நிஹ்ட் லைடன் கொன்னென்” என்றோ சொல்லப் பழக்குங்கள். இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. இந்த ‘லைடன்’ என்ற வினை, செல்லுதல், கடந்துபோதல் என்ற பழைய பொருளிலிருந்து வந்தது. செவிலியர்கள் நாள்தோறும் சொல்லப்போகும் “எஸ் டூட் மியர் லைட்” என்ற வருத்தத் தொடரில் உள்ள ‘லைட்’ வேறு; அது ஆங்கில ‘லோத்’ என்ற அருவருப்பு வினையின் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் ஆழ்ந்த வெறுப்பாக நின்றுவிட்ட சொல், ஜெர்மனில் மன்னிப்புக் கேட்கும் தொடரில் புகுந்துவிட்டது. டச்சில் அழகற்றது என்று பொருள்படும் ‘லேலெக்’, அதே பொருளில் பிரெஞ்சு ‘லே’ இரண்டும் இந்த ‘லைட்’ வேர். ஜெர்மனில் அழகற்றது என்பதற்கு ‘ஹெஸ்லிஹ்’, அது ‘ஹஸ்’ வேர். வெறுக்கத்தக்கது என்ற சொல் அழகற்றது என்று இறங்கிவிடுவது மூன்று மொழிகளிலும் நடந்திருக்கிறது. இதற்கு நீங்கள் இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கம் கொடுங்கள்.

இன்னொரு கிளையையும் விட்டுவிட வேண்டாம். ‘ஹட்’ வேரிலிருந்து, வெறுக்கச் செய்தல், துரத்தச் செய்தல் என்ற பிறவினைப் பொருளில் ஜெர்மன் ‘ஹெட்ஸன்’ பிறந்தது; வேட்டை நாய்களை ஏவிவிடுவதும் மக்களைத் தூண்டிவிடுவதும் அச்சொல்லால் குறிக்கப்படும். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 130-ஆம் பிரிவின் தலைப்பு ‘ஃபோல்க்ஸ்ஃபெர்ஹெட்ஸுங்’, அதாவது மக்களைத் தூண்டிவிடுதல். அதன் உடலில் மக்கட்பிரிவு ஒன்றுக்கு எதிராக வெறுப்பை, ‘ஹஸ்’ஸை, கிளறுவது குற்றம் என்று வருகிறது. ஒரே வேரின் இரு பிள்ளைகள் ஒரே சட்டப் பிரிவில் அமர்ந்திருக்கின்றன. ஸ்வீடன் சட்டமும் இதே குற்றத்துக்கு ‘ஹெட்ஸ்’ என்ற சொல்லை ஜெர்மனிலிருந்து கடன் வாங்கிப் பயன்படுத்துகிறது. ஜெர்மனியில் குடியேறப் போகிறவர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. சமூக ஊடகத்தில் எதை எழுதினால் வழக்கு வரும் என்ற அறிவும்கூட.

அட்டவணைகளும் ஒப்பந்தமும்

சொற்கள் யாருக்கும் சொந்தமல்ல என்பது சரி. கோதிக்கில் ‘ஹட்டிஸ்’ என்றால் சினம் என்ற செய்திக்கும் உரிமையாளர் கிடையாது. ஆனால் 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், இலக்கியப் படைப்பு என்பதற்குள் அட்டவணைகளையும் தொகுப்புகளையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. ஒரு தொகுப்பாளர் எவற்றைத் தேர்ந்தார், எந்த வரிசையில் வைத்தார், எந்தச் சொற்களில் விளக்கினார் என்பவை அவருக்குரியவை. மொழிபெயர்ப்பதற்கும் அனுமதி வேண்டும். தமிழில் வந்துவிட்டால் புதிய படைப்பாகிவிடும் என்பது நம்மிடையே பரவலாக உள்ள தவறான எண்ணம்.

நீங்கள் நகலெடுத்தது ஃப்ரீட்ரிஹ் க்ளூகெயின் அகராதி. அதன் முதல் பதிப்பு 1883-இல் வந்தது. க்ளூகெ 1926-இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் என்ற இந்திய வரம்பும், 70 ஆண்டுகள் என்ற ஜெர்மன் வரம்பும் கடந்துவிட்டதால், அவர் காலத்துப் பழைய பதிப்புகளை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் உங்களிடம் உள்ள நகல் எல்மர் ஸீபோல்ட் திருத்தி எழுதிய பிற்காலப் பதிப்பினுடையது. அதற்கு உரிமை உயிரோடு இருக்கிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போது அதன் பக்கங்களைப் படியெடுத்துக் கொடுப்பதற்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. டில்லி பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் 2016-இல் டில்லி உயர்நீதிமன்றம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சாதகமாகவே இவ்விலக்கை விளக்கியது. அது பல்கலைக்கழகத்தைப் பற்றிய வழக்கு என்பதால், கட்டணம் வாங்கும் தனியார் நிலையம் அதை முழுக் கேடயமாகக் கொள்ளக் கூடாது. விலைக்கு விற்கும் நூலுக்கோ அந்த விலக்கு பொருந்தவே பொருந்தாது. உங்கள் அட்டவணைகளை அழித்துவிட்டு, மூன்று நான்கு அகராதிகளை ஒப்பிட்டு, உங்கள் வகுப்புக்குத் தேவையான வரிசையில் நீங்களே புதிதாக அமையுங்கள். எடுத்தாண்ட இடங்களில் மூலத்தைச் சொல்லுங்கள். அது நன்றி மட்டுமே, அனுமதிக்கு ஈடாகாது.

ஒப்பந்தத்தில் இப்போதைய வடிவில் கையெழுத்திட வேண்டாம். அச்சுச் செலவு உங்களுடையது, உரிமை அவர்களுடையது என்றால் அவர்கள் ஏற்கும் இடர் என்ன என்று கேளுங்கள். “அனைத்து உரிமைகளும்” என்ற சொற்றொடர் அச்சுறுத்தும் அளவுக்குச் சட்டத்தில் வலுவுள்ளதல்ல: 19-ஆம் பிரிவின்படி கால அளவு குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும், ஆசிரியருக்குரிய தொகை எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உரிமையை மாற்றித் தந்த பிறகும், நூலாசிரியர் என்ற பெயரும், படைப்பு சிதைக்கப்பட்டால் எதிர்க்கும் உரிமையும் 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். இருந்தாலும் சட்டம் பின்னால் காப்பாற்றும் என்று நம்பிக் கையெழுத்திடுவதைவிட, முதல் பதிப்புக்கு மட்டும், தமிழில் மட்டும், அச்சு வடிவத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்குவது நல்லது. மின்னூல் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் வாசகர்களில் பாதிப்பேர் விரைவில் வெளிநாட்டில் இருப்பார்கள். பதிப்பகத்தார் இணங்காவிட்டால் செலவை நீங்களே ஏற்று, உரிமையையும் நீங்களே வைத்துக்கொண்டு குறைந்த படிகள் அச்சிடுங்கள். எந்த வழியானாலும் இறுதி ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

மூத்த ஆசிரியரைப் பற்றிக் கடைசியாக எழுதியிருந்தீர்கள். உண்மையில் உங்களை உறுத்துவது அதுதான் என்று கடிதம் முழுவதும் தெரிகிறது. “அவர் மனம் நோகாமலிருக்க இரண்டு கருத்தையும் போட்டுவிடலாமா?” என்கிறீர்கள். வேண்டாம். விதிக்குப் பொருந்தும் கருத்தையும் பொருந்தாத கருத்தையும் சமமாக வைத்தால் உங்கள் மாணவர்கள் அவற்றில் எது சரி என்று அறிய வழியில்லாமல் போகும்; நாளை விமரிசனம் வந்தால் உங்களோடு சேர்த்து அவரும்தான் கேலிக்குள்ளாவார். அவருக்குத் தெரியாமல் முன்னுரையைத் திருத்துவது அதைவிடத் தவறு. சட்டப்படியும் தவறு, ஏனெனில் முன்னுரை அவருடைய படைப்பு. அச்சுக்கு அனுப்பும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ‘ஹத்யா’ ஏன் பொருந்தாது என்று தொடங்காமல், ‘பீயதி’யையும் ‘ப்ரிய’வையும் முதலில் காட்டுங்கள், ‘ஹந்தி’, ‘க்னந்தி’ வேறுபாட்டை அவரிடமே கேளுங்கள். சமஸ்கிருதம் அறிந்தவருக்கு அந்த ‘க’ எங்கிருந்து வருகிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். முன்னுரையை மாற்றி எழுத அவருக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். மாற்ற மறுத்தால், முன்னுரை இல்லாமல் நூலை வெளியிட்டு, உங்களுக்கு ஜெர்மன் கற்பித்தவர் என்ற முறையில் நூலை அவருக்குக் காணிக்கையாக்குங்கள்.